மணி அடித்தால் எச்சில் ஊறுமா? பாவ்லோவின் நாய்களுக்கு உண்மையில் நடந்தது என்ன?

நாய், மணி, எச்சில். இவான் பாவ்லோவ் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் ஞாபகம் வருவது இந்த மூன்றுதான். ஒரு விஞ்ஞானி நாய்க்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் மணி அடித்தார். கொஞ்ச நாளில் சாப்பாடே இல்லாமல் மணியை மட்டும் அடித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறியது. பி.எட். படித்தவர்கள் இதை ஆக்கநிலையிறுத்தம் என்ற பெயரில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள்.

கேட்பதற்கு ரொம்ப சாதுவான கதை. யாரோ வீட்டில் வளர்க்கும் நாயை வைத்து விளையாட்டாகச் செய்த சோதனை மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு சின்ன கேள்வி. நாய்க்கு எத்தனை சொட்டு எச்சில் ஊறியது என்று எப்படி எண்ணினார்கள்?

அந்த நாய்களின் கன்னத்தில் அறுவை சிகிச்சை செய்து, உமிழ்நீர்ச் சுரப்பியின் வாயை உள்ளிருந்து வெளியே திருப்பித் தைத்திருந்தார்கள். வாய்க்குள் போக வேண்டிய எச்சில் கன்னத்தின் வெளிப்பக்கம் சொட்டும். அங்கே ஒட்டிய கண்ணாடிப் புனலில் அது சேரும். அப்படித்தான் எண்ணினார்கள்.

மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது, பயம் எப்படி உருவாகிறது, அதை எப்படிப் போக்கலாம் என்று இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் ஒரு பெரிய பங்கு அந்தக் கண்ணாடிப் புனலில் இருந்து வந்தது. அதற்கு அந்த நாய்கள் கொடுத்த விலை என்ன? அந்த மனிதர் அதைப் பற்றி என்ன நினைத்தார்?

யார் இந்த பாவ்லோவ்?

ரஷ்யாவின் ரியாசான் நகரில் 1849 செப்டம்பரில் பிறந்தவர் இவான் பெத்ரோவிச் பாவ்லோவ். அப்பா தேவாலயப் பாதிரியார். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் பாதிரியார்கள் திருமணம் செய்துகொள்ளலாம் என்பதால் இவர் பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளை. சின்ன வயதில் உயரமான இடத்திலிருந்து கீழே விழுந்து பலத்த அடி. அதனால் 11 வயதில்தான் பள்ளிக்கூடம் போக முடிந்தது.

குடும்ப வழக்கப்படி அவரும் பாதிரியாராகத்தான் ஆகியிருக்க வேண்டும். அதற்கான இறையியல் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் 1860-களின் ரஷ்யா அறிவியல் மோகத்தில் இருந்த காலம். இவான் செச்செனோவ் என்ற உடலியல் அறிஞர், மனம் என்று நாம் சொல்வதெல்லாம் மூளையின் அனிச்சைச் செயல்கள்தான் என்று 1863-ல் எழுதியிருந்தார். அந்த எழுத்து இளைஞர் பாவ்லோவை ஆட்டிப்படைத்தது. 1870-ல் இறையியலை விட்டுவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் சேர்ந்தார்.

அங்கே கணையத்தின் நரம்புகள் பற்றிய ஆய்வுக்குத் தங்கப் பதக்கம். பிறகு மருத்துவப் படிப்பு, இதய நரம்புகள் பற்றி 1883-ல் டாக்டர் பட்ட ஆய்வு, இரண்டு ஆண்டுகள் ஜெர்மனியில் பயிற்சி. சொல்லும்போது வேகமாகப் போய்விட்டாலும், உண்மையில் அவை வறுமையான ஆண்டுகள். 1881-ல் செராஃபிமாவைத் திருமணம் செய்த பிறகும் தனி வீடு எடுக்கக் காசில்லாமல் தவித்தார். அவர் கஷ்டத்தைப் பார்த்து மாணவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தபோது, அதையும் ஆய்வுக்கு விலங்குகள் வாங்கச் செலவழித்துவிட்டார் என்று குடும்பத்தினரே பின்னாளில் நொந்துகொண்டார்கள். 41 வயதில்தான் பேராசிரியர் வேலை கிடைத்தது.

அதுவரை விலங்கு ஆய்வு எப்படி இருந்தது?

பாவ்லோவ் எதை மாற்றினார் என்பது புரிய வேண்டுமானால், அவருக்கு முன்னால் இருந்ததைப் பார்க்க வேண்டும்.

19-ம் நூற்றாண்டில் உடலியல் ஆய்வு என்றால் பெரும்பாலும் உயிருள்ள விலங்கை மேஜையில் கட்டிப்போட்டு அறுப்பதுதான். நரம்பைத் தூண்டுவார்கள், உறுப்பு என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள், சோதனை முடிவதோடு விலங்கின் உயிரும் முடிந்துவிடும். சில மணி நேர வேலை. மயக்க மருந்து 1840-களிலேயே வந்துவிட்டாலும், எல்லா ஆய்வகங்களிலும் அதை ஒழுங்காகக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது.

பாவ்லோவுக்கு இதில் இருந்த பிரச்னை இரக்கம் மட்டுமல்ல. சொல்லப்போனால் முதல் பிரச்னை அறிவியல்தான். வலியிலும் அதிர்ச்சியிலும் மயக்க மருந்திலும் கிடக்கும் உடம்பு, இயல்பான உடம்பு கிடையாது. அந்த நிலையில் இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், கிடைக்கும் விடை தப்பாகத்தான் இருக்கும். செத்துக்கொண்டிருக்கும் நாயிடம் கேள்வி கேட்டு, உயிரோடிருக்கும் நாயைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியாது.

அதனால் அவர் வழியை மாற்றினார். மயக்க மருந்து கொடுத்து, மனிதர்களுக்குச் செய்வது போலவே கிருமி நீக்கிய அறையில் அறுவை சிகிச்சை. பிறகு நாயைப் பராமரித்து, காயம் ஆறி, நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடும் வரை காத்திருப்பது. அதன் பிறகுதான் ஆய்வு தொடங்கும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அதே நாயோடு.

1891-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில் உடலியல் பிரிவின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போடும் நிலையத்தை ஒட்டி வளர்ந்த நிறுவனம் அது. 1893-ல் அங்கே 10,000 ரூபிள் நன்கொடை வந்தது. அதில்தான் பாவ்லோவின் ஆய்வகம் விரிவாக்கப்பட்டது. கொடுத்தவர் யார் தெரியுமா? டைனமைட் ஆல்ஃப்ரெட் நோபல். பின்னாளில் யார் பெயரிலான பரிசை வாங்கினாரோ, அவரே ஏற்கெனவே ஒரு விதத்தில் முதலீடு செய்திருந்தார்!

அந்த ஆய்வகத்தில் நாய்களைக் குளிப்பாட்ட, மயக்க மருந்து கொடுக்க, அறுவை சிகிச்சை செய்ய, பிறகு படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளத் தனித்தனி அறைகள் இருந்தன. அந்தக் கால ரஷ்யாவில் பல ஏழை மனிதர்களுக்கே கிடைக்காத வசதி இது.

தொண்டையில் விழுந்த சாப்பாடு, வயிற்றில் ஊறிய அமிலம்

இங்கேதான் அவருடைய புகழ்பெற்ற முதல் சோதனைகள் வருகின்றன. படிக்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நாயின் உணவுக்குழாயைக் கழுத்தில் வெட்டி, இரண்டு முனைகளையும் தோலோடு வெளிப்பக்கம் தைத்துவிடுவார்கள். இரைப்பையில் இன்னொரு துளை போட்டுக் குழாய் பொருத்துவார்கள். காயம் ஆறிய பிறகு நாய்க்கு இறைச்சி வைப்பார்கள். நாய் ஆசையாக மென்று விழுங்கும். ஆனால் இறைச்சி கழுத்துத் துளை வழியாகத் தட்டிலேயே விழுந்துவிடும். ஒரு துண்டுகூட வயிற்றுக்குப் போகாது. அப்படியும் சில நிமிடங்களில் வெறும் இரைப்பையிலிருந்து செரிமான நீர் கொட்டத் தொடங்கும். இந்த நாய்களுக்கு உண்மையான சாப்பாட்டைக் குழாய் வழியாக நேரடியாக வயிற்றுக்குள் கொடுத்து வளர்த்தார்கள்.

அடுத்து வேகஸ் என்ற நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கி வரும் நரம்பு அது. வெட்டியதும், நாய் எவ்வளவு மென்றாலும் இரைப்பை நீர் சுரக்கவில்லை. ஆக, சாப்பாடு வயிற்றைத் தொடுவதற்கு முன்பே மூளை வயிற்றுக்கு உத்தரவு போட்டுவிடுகிறது. சாப்பாட்டு வாசனை வந்ததும் வயிறு கூப்பிடுகிறது என்று நாம் சொல்கிறோமே, அதற்கான முதல் உறுதியான ஆதாரம் இதுதான்.

பிறகு இரைப்பையின் ஒரு சிறு பகுதியை, நரம்பு அறுபடாமல், தனிப் பையாகப் பிரித்துத் தைக்கும் சிகிச்சையை உருவாக்கினார். இன்றைக்கும் மருத்துவ நூல்களில் அதற்குப் பாவ்லோவ் பை என்றே பெயர். இந்தச் சிகிச்சை கைகூடுவதற்குள் பல நாய்கள் இறந்தன. 1894-ல் அதில் பிழைத்த நாயின் பெயர் துருஷோக். ரஷ்ய மொழியில் குட்டி நண்பன் என்று அர்த்தம். அந்தப் பெயர் இன்றைக்கும் அறிவியல் வரலாற்றில் இருக்கிறது.

கணையத்தில் துளை போட்ட நாய்களின் நிலை இன்னும் மோசம். அதிலிருந்து கசியும் செரிமான நீர் வயிற்றுத் தோலையே அரித்துப் புண்ணாக்கிவிடும். அப்படி அவதிப்பட்ட ஒரு நாய், ராத்திரியில் சுவரின் சுண்ணாம்புப் பூச்சைப் பெயர்த்துப் போட்டு, அந்தத் தூளின் மேல் படுத்துக்கொண்டது. காலையில் பார்த்தவர்கள் நாய் சுவரை நாசமாக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகுதான் விஷயம் புரிந்தது. தூள் கசிவை உறிஞ்சிக்கொண்டதால் புண் ஆறத் தொடங்கியிருந்தது. அன்றிலிருந்து அப்படிப்பட்ட நாய்களுக்கு உறிஞ்சும் படுக்கை போடுவது ஆய்வக வழக்கமானது. இந்தப் பாடத்தைத் தங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நாய்தான் என்று பாவ்லோவ் தன் விரிவுரைகளில் வெளிப்படையாகவே பதிவு செய்தார்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. கழுத்தில் துளையிட்ட நாய்களிடமிருந்து கிடைத்த சுத்தமான இரைப்பை நீரை, அஜீரண நோயாளிகளுக்கு மருந்தாக ஆய்வகம் விற்றது. வரிசையாக நிற்கவைத்த நாய்கள், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குப்பிகள். ஆய்வகச் செலவில் கணிசமான பகுதி இந்த வருமானத்தில்தான் ஓடியது. அறிவியல் ஆர்வம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இதை நியாயப்படுத்துவது கஷ்டம்தான்.

நோபல் பரிசு எச்சிலுக்கு இல்லை

1904-ல் பாவ்லோவுக்கு மருத்துவ நோபல் பரிசு. ரஷ்யாவுக்குக் கிடைத்த முதல் நோபல். அது மணிக்கும் எச்சிலுக்கும் கிடைத்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. செரிமானம் பற்றி மேலே சொன்ன ஆய்வுகளுக்குத்தான் அந்தப் பரிசு.

எச்சில் விவகாரம் இதன் நடுவில் ஒரு தொந்தரவாகத்தான் தலைகாட்டியது. உமிழ்நீர் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சாப்பாட்டைப் பார்த்ததுமே நாய்களுக்கு எச்சில் ஊறியது. கணக்கு குழம்பியது. இது நாயின் மனசு சம்பந்தப்பட்டது, நாய் நினைக்கிறது, எதிர்பார்க்கிறது என்று உடன் வேலை செய்தவர்களில் ஒருவர் விளக்கினார். பாவ்லோவ் ஒத்துக்கொள்ளவில்லை. நாயின் மனசுக்குள் நாம் போய்ப் பார்க்க முடியாது, ஆனால் சொட்டுகளை எண்ண முடியும் என்பது அவர் நிலைப்பாடு. நாய் விரும்பியது, நாய் ஊகித்தது என்றெல்லாம் ஆய்வகத்தில் யாராவது பேசினால் அபராதம் என்றே விதி போட்டார்கள்!

இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது அவருக்கே சிக்கலாகப் போகிறது.

1903-ல் மாட்ரிட் மருத்துவ மாநாட்டில் இந்தப் புது ஆய்வை அறிவித்தார். சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாத எந்தத் தூண்டுதலையும் சாப்பாட்டோடு திரும்பத் திரும்ப இணைத்தால், மூளையில் ஒரு புதிய இணைப்பு உருவாகும். அதன் பிறகு அந்தத் தூண்டுதல் மட்டுமே எச்சிலை வரவழைக்கும். சாப்பாடு தராமல் தூண்டுதலை மட்டும் பலமுறை கொடுத்தால் அந்த இணைப்பு மங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கற்றல் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை முதல்முறையாகச் சொட்டுக் கணக்கில் அளந்து காட்டியது இந்த ஆய்வு.

அப்போ மணி? மணி அரிதாகத்தான் பயன்பட்டது. பெரும்பாலும் மெட்ரோனோம் (இசை பழகுகிறவர்கள் தாளத்துக்கு வைக்கும் டிக் டிக் கருவி), ஆர்மோனியம், பஸ்ஸர், விளக்கு வெளிச்சம், தோலில் லேசான தொடுதல். சில நாய்களுக்கு மின்அதிர்ச்சி.

இரண்டு நாய்கள், இரண்டு சிலைகள்

பாவ்லோவ் புகழின் உச்சியில் இருந்த அதே ஆண்டுகளில், விலங்கு ஆய்வுக்கு எதிரான குரலும் உச்சத்தில் இருந்தது. இங்கிலாந்தில் 1876-லேயே விலங்கு ஆய்வுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. குரங்குகளின் மூளையில் எந்தப் பகுதி எந்த அசைவைக் கட்டுப்படுத்துகிறது என்று கண்டறிந்த டேவிட் ஃபெரியர், 1881-ல் உரிமமில்லாமல் ஆய்வு செய்ததாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அறுவை சிகிச்சை செய்தவர் உரிமம் வைத்திருந்த இன்னொரு விஞ்ஞானி என்று தெரிந்ததால் வழக்கு நிற்கவில்லை.

1903-ல் லண்டனில் இன்னொரு பெரிய சர்ச்சை. வில்லியம் பேலிஸ் என்ற விஞ்ஞானி மாணவர்கள் முன்னிலையில் ஒரு பழுப்பு நாயை அறுத்துப் பாடம் நடத்தினார். அந்த நாய்க்குச் சரியாக மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை என்று, வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்த இரண்டு ஸ்வீடன் நாட்டுப் பெண்கள் எழுதினார்கள். பேலிஸ் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனால் 1906-ல் லண்டன் பேட்டர்சீ பகுதியில் அந்தப் பழுப்பு நாய்க்குச் சிலை வைத்தார்கள். அதை உடைக்க மருத்துவ மாணவர்கள் திரண்டார்கள், தெருவில் அடிதடி. கடைசியில் 1910-ல் போலீஸ் பாதுகாப்போடு இரவோடு இரவாகச் சிலை அகற்றப்பட்டது.

இதில் பாவ்லோவுக்கு என்ன சம்பந்தம்? இருக்கிறது. இதே பேலிஸும் அவருடைய சக ஆய்வாளர் ஸ்டார்லிங்கும்தான், கணையம் நரம்பால் மட்டுமல்ல, ரத்தத்தில் கலக்கும் ஒரு ரசாயனத்தாலும் இயங்குகிறது என்று 1902-ல் நாய்களை வைத்தே நிரூபித்தவர்கள். ஹார்மோன் என்ற சொல் அதன் தொடர்ச்சியாகப் பிறந்தது. எல்லாவற்றுக்கும் நரம்பே காரணம் என்ற பாவ்லோவின் நம்பிக்கையில் விழுந்த பெரிய அடி அது.

ரஷ்யாவிலும் விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தினர் உயிரறுவை ஆய்வுகளைக் கட்டுப்படுத்தக் கோரிக்கை வைத்தார்கள். பாவ்லோவ் கடுமையாக எதிர்த்தார். வேட்டைக்கும் விருந்துக்கும் ஆயிரக்கணக்கில் விலங்குகள் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள், மனித உயிரைக் காப்பாற்றும் அறிவியலை மட்டும் ஏன் குறிவைக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் அதே எழுத்தில் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். ஓர் உயிரை அறுத்து முடிக்கும்போது, ஈடு இணையில்லாத ஒரு படைப்பை முரட்டுக் கையால் உடைக்கிறோமே என்ற உறுத்தல் தனக்குள் எழுவதாகவும், உண்மையைத் தெரிந்துகொள்வதற்காக அதைத் தாங்கிக்கொள்வதாகவும் எழுதினார்.

எதிர்த்தவர்களின் வாதமும் லேசானதல்ல. நாயின் நரம்பு மண்டலம் நம்முடையதைப் போலவே இருப்பதால்தான் அதை ஆராய்ந்து நம்மைப் புரிந்துகொள்ள முடிகிறது. அப்படியானால் அதன் வலியும் நம்முடையதைப் போலத்தானே இருக்க வேண்டும்? ஒன்றை ஏற்றுக்கொண்டு இன்னொன்றை எப்படி மறுப்பது? நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

வட்டமா, முட்டையா? உடைந்துபோன நாய்

அந்தக் கேள்வியைப் பாவ்லோவின் ஆய்வகத்துக்குள்ளேயே கொண்டுவந்து போட்டது ஒரு நாய்தான்.

ஷெங்கர்-கிரெஸ்தோவ்னிகோவா என்ற பெண் ஆய்வாளர் நடத்திய சோதனை அது. வட்டம் தெரிந்தால் சாப்பாடு வரும், நீள்வட்டம் தெரிந்தால் வராது. நாய் இதை எளிதாகக் கற்றுக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் போல மாற்றிக்கொண்டே வந்தார்கள். அகலமும் உயரமும் 9-க்கு 8 என்ற அளவுக்கு வந்தபோது நாயால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வாரம் திரும்பத் திரும்ப முயற்சி.

அதுவரை சமர்த்தாக நின்ற நாய் கத்தத் தொடங்கியது. கட்டுகளைக் கடித்தது. கருவிகளைப் பிய்த்தது. ஆய்வறைக்குக் கூட்டிப்போனாலே குரைத்தது. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த எளிய வித்தியாசங்கள்கூட மறந்துபோயின. அதன் உடம்பில் யாரும் கத்தி வைக்கவில்லை, அடிக்கவில்லை. முடிவெடுக்க முடியாத ஒரு நிலையில் சிக்கவைத்தார்கள், அவ்வளவுதான்.

இதே காலகட்டத்தில் மரியா யெரோஃபியேவா என்ற ஆய்வாளர் மின்அதிர்ச்சியைச் சாப்பாட்டோடு இணைத்தார். அதிர்ச்சி கொடுத்ததும் நாய் வலியால் துடிக்காமல், வாலை ஆட்டி எச்சில் ஒழுகவிட்டது. ஆனால் உடம்பின் வெவ்வேறு இடங்களுக்கு அந்த அதிர்ச்சியை மாற்ற மாற்ற, ஒரு கட்டத்தில் எல்லாம் தலைகீழானது. நாய் மொத்தமாக நிலைகுலைந்தது.

பாவ்லோவ் இதற்குச் சோதனைவழி நரம்புத்தளர்ச்சி என்று பெயர் வைத்தார். நியூரோசிஸ் என்ற அந்த வார்த்தை, மனிதர்களின் மனநோய் மருத்துவத்திலிருந்து எடுத்தது. நாய் விரும்பியது என்று சொன்னால் அபராதம் வாங்கிய அதே ஆய்வகம், நாய்க்கு மனம் உடைந்துபோகும் என்பதற்கு உலகத்துக்கே ஆதாரம் கொடுத்துவிட்டது.

வெள்ளம் வந்த நாள்

அதற்குள் உலகப் போர், 1917 புரட்சி, உள்நாட்டுப் போர். பெத்ரோகிராட் என்று பெயர் மாறியிருந்த நகரத்தில் மனிதர்களுக்கே ரொட்டி இல்லை, நாய்களுக்கு எங்கே போவது? ஆய்வக நாய்கள் பட்டினியால் செத்தன. பாவ்லோவின் நோபல் பணம் புரட்சியில் காணாமல் போனது. 70 வயதில் தோட்டம் போட்டுக் காய்கறி விளைவித்தார். ஒரு மகன் அந்த ஆண்டுகளில் இறந்துபோனார். வெளிநாடு போக அனுமதி கேட்டு 1920-ல் எழுதினார். விடுவதற்கு லெனினுக்கு மனமில்லை. பாவ்லோவின் ஆய்வுக்கும் வாழ்க்கைக்கும் வேண்டிய எல்லா வசதியும் செய்துதர 1921 ஜனவரி 24-ல் தனி ஆணையே பிறப்பித்தார்.

1924 செப்டம்பர் 23. நேவா ஆறு கரை உடைத்து நகரத்துக்குள் புகுந்தது. நாய்க்கூண்டுகளுக்குள் தண்ணீர். மூடிய கூண்டுகளில், மேல்கூரையில் மூக்கு இடிக்க, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு நாய்கள் நீந்திக்கொண்டிருந்தன. கூண்டின் கதவோ கீழே, தண்ணீருக்கு அடியில். காப்பாற்ற வந்த ஊழியர்கள் நாய்களைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

நாய்கள் பிழைத்தன. ஆனால் அடுத்த சில நாட்களில் ஆய்வறைக்கு வந்த சில நாய்கள், மாதக்கணக்கில் கற்றுக்கொண்டதையெல்லாம் இழந்திருந்தன. ஒரு நாய்க்குப் பொறுமையாக எல்லாம் பழையபடி திரும்பிய பிறகு, கதவுக்கு அடியில் லேசாகத் தண்ணீர் கசியவிட்டுப் பார்த்தார்கள். துள்ளி எழுந்து, மூச்சு வாங்கி, நடுங்கி, மறுபடியும் எல்லாம் போனது.

போரிலிருந்தும் பேரிடரிலிருந்தும் திரும்பியவர்களுக்கு வரும் மனக்காயத்தைப் பற்றி இன்றைக்கு மருத்துவர்கள் பேசும்போது இதே வடிவத்தைத்தான் சொல்கிறார்கள். சுனாமியில் தப்பிய ஒருவருக்கு அலைச்சத்தம் கேட்டாலே உடம்பு உதறுவது மாதிரி. பயத்தைத் தரும் விஷயத்தைப் பாதுகாப்பான சூழலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்க வைத்துப் பயத்தைக் குறைக்கும் சிகிச்சை இருக்கிறதே, அதன் வேரும் பாவ்லோவ் காட்டிய அந்த மங்கிப்போகும் இணைப்பில்தான் இருக்கிறது.

வயதான பாவ்லோவ் இதோடு விடவில்லை. உடைந்த நாய்களைக் குணப்படுத்த முடியுமா என்று பார்க்கத் தொடங்கினார். அவருடைய சக ஆய்வாளர் மரியா பெத்ரோவா ஓய்வும் புரோமைடு மருந்தும் கொடுத்துச் சில நாய்களை மீட்டெடுத்தார். பாவ்லோவோ மனநல மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். 80 வயதில் அவருடைய புதுப் பாடம் மனநோய்!

மூளைப் புறணியை வெட்டியெடுத்த நாய்களில் நடந்த ஆய்வுகளும் இன்னொரு பக்கம் தொடர்ந்துகொண்டேதான் இருந்தன. ஒன்று மற்றதை நிறுத்திவிடவில்லை.

ஸ்டாலினுக்கே பயப்படாதவர்

அரசியலில் அவர் யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை. பாதிரியார்களின் பிள்ளைகளை மருத்துவ அகாடமியிலிருந்து நீக்கியபோது, நானும் பாதிரியார் மகன்தான் என்று சொல்லி அங்கே வகித்த பதவியை விட்டு விலகினார். கைதுகளைக் கண்டித்து ஆட்சியாளர்களுக்குக் கடிதம் எழுதினார். மற்றவர்கள் இதில் பாதியைச் சொல்லியிருந்தாலும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். பாவ்லோவின் உலகப் புகழ் அவருக்குக் கவசமாக இருந்தது. லெனின்கிராட் அருகே கொல்துஷி என்ற இடத்தில் அவருக்காகப் பெரிய ஆய்வு வளாகத்தையே அரசு கட்டிக்கொடுத்தது.

1933-ல் அங்கே ரோசா, ரஃபேல் என்ற இரண்டு சிம்பன்சிகள் வந்தன. பெட்டிகளை அடுக்கி ஏறிப் பழத்தை எடுப்பது, தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்துப் பழத்தை எடுப்பது என்று அவை செய்ததையெல்லாம் கிழவர் மணிக்கணக்கில் பார்த்தார். இதை வெறும் எச்சில் கணக்கில் அடக்க முடியாது, இங்கே வேறொன்று நடக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வந்தார். அதைத் தொடர்ந்து ஆராய அவருக்கு நேரமில்லை.

1935 ஆகஸ்டில் சர்வதேச உடலியல் மாநாடு லெனின்கிராட்டில் நடந்தது. அதையொட்டி, பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் தோட்டத்தில் பாவ்லோவின் யோசனைப்படி ஒரு நாய்ச் சிலை திறக்கப்பட்டது. லண்டனில் நாய்க்குச் சிலை வைத்தவர்கள் விஞ்ஞானிகளின் எதிரிகள். இங்கே வைத்தவர் விஞ்ஞானியே. பீடத்தில் பொறிக்க வேண்டிய வாசகங்களையும் அவரே எழுதினார். ஆதிகாலம் தொட்டு மனிதனுக்குத் துணையாக வந்த நாய் அறிவியலுக்குப் பலியாகட்டும், ஆனால் தேவையில்லாத வேதனை இல்லாமல் அது நடக்க வேண்டும், அதுதான் நமக்கு மரியாதை என்பது அதில் ஒன்றின் சாரம். சுற்றிலும் புடைப்புச் சிற்பங்கள். சுவர்ப் பூச்சைப் பெயர்த்து அதன் மேல் படுத்த நாயின் கதையும் அவற்றில் உண்டு.

தேவையான வேதனை எது, தேவையில்லாதது எது என்று யார் முடிவு செய்வது என்பதைப் பீடம் சொல்லவில்லை. 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள்: முடிந்தால் விலங்குக்கு மாற்று, முடியாவிட்டால் எண்ணிக்கையில் குறைப்பு, அதுவும் முடியாவிட்டால் வேதனையில் குறைப்பு. உலகம் முழுக்க ஆய்வக நெறிமுறைக் குழுக்கள் இன்று இந்த அளவுகோலை வைத்துத்தான் அனுமதி கொடுக்கின்றன, மறுக்கின்றன.

சிலை திறந்த அடுத்த ஆண்டு, 1936 பிப்ரவரி 27 அன்று, 86 வயதில் நிமோனியா காய்ச்சலால் பாவ்லோவ் இறந்தார். லண்டன் பேட்டர்சீ பூங்காவில் 1985-ல் பழுப்பு நாய்க்கு மறுபடியும் புதிய சிலை வைத்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தோட்டத்தில் பாவ்லோவின் நாய் இன்றும் உட்கார்ந்திருக்கிறது.